பழைய பாட்டும் புதிய பாட்டும்: ஆராதனைப் பாடல் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்

"இனிமேல் பாட்டுத் தெரிவு உங்க பொறுப்பு" என்று ஆயர் சொன்னபோது சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆறு பாட்டு எடுத்துக் கொடுப்பதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்ற நினைப்பு. முதல் ஞாயிறே ஆறில் நாலு பாட்டு புதிது. குழுவில் நாங்கள் கண்ணை மூடி உருகிப் பாடினோம். கண்ணைத் திறந்தால் சபை எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது. பயந்துபோய் அடுத்த வாரம் ஆறும் பழையது. இளையவர்கள் பாதியில் போனை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் வாரம் மூன்றுக்கு மூன்று என்று பங்கு பிரித்தேன். அதுதான் பெரிய தப்பு. அன்றிலிருந்து இரண்டு தரப்பும் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டது.

ஒன்றரை வருடம் தடுமாறிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வெளியே பார்க்க இது பாட்டின் வயதைப் பற்றிய சண்டை மாதிரி இருக்கும். கிட்டே போய்க் கேட்டால் சுருதி எட்டவில்லை, சத்தம் தாங்கவில்லை, மெட்டு பிடிபடவில்லை, திரையில் எழுத்து தெரியவில்லை என்று ஒவ்வொன்றாக வரும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. நான் கடைசியில் செய்ததை நீங்கள் முதலில் செய்வதற்காக, வரிசையாக எழுதுகிறேன்.

1. முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

பாட்டுப் பட்டியல் பழையபடியே போகட்டும். நீங்கள் கடைசி வரிசையில் போய் நில்லுங்கள். எந்தப் பாட்டுக்கு எத்தனை வாய் அசைகிறது, எந்த வரியில் சபை நிறுத்துகிறது, எந்தச் சரணத்தில் புத்தகத்தை மூடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இருக்கைகளுக்கு நடுவே ஒரு போனை வைத்து உங்கள் காதுக்காக மட்டும் பதிவுசெய்யுங்கள். மேடையில் நிற்கும்போது எல்லோரும் பாடுவதாகவே தோன்றும். பதிவைக் கேட்டால் உண்மை தெரியும்.

அந்த நான்கு வாரத்தில் மூன்று பேரிடம் பேசுங்கள். புத்தகம் பார்க்காமல் பாடும் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், சபைக்குப் புதிதாக வந்தவர் ஒருவர். மூன்றாமவரை யாரும் கேட்பதில்லை. அவருக்கோ பழைய பாட்டு, புதிய பாட்டு இரண்டுமே புதிதுதான். "எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் தங்கள் கட்சியின் பதிலைச் சொல்வார்கள். "உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது யாராவது வந்து பாடினால் எந்தப் பாட்டு வேண்டும்?" என்று கேளுங்கள். பதில்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

வாக்கெடுப்பு மட்டும் வேண்டாம். நடத்திய மறுநாளே தோற்றவர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

2. பாட்டுப் பதிவேடு ஒன்று எழுதுங்கள்

இதுதான் முதல் ஆவணம். இரண்டு மூன்று மாலைப்பொழுது பிடிக்கும். கணினி அட்டவணையோ நோட்டுப் புத்தகமோ, எதில் வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே இவை இருக்கவேண்டும்: முதல் வரி, புத்தக எண், சபை பாடும் சுருதி, வேகம், பொருள் (துதி, பாவ அறிக்கை, நன்றி, திருவிருந்து என்று), கடைசியாகப் பாடிய தேதி, சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் யார் என்பது. இவற்றோடு இன்னொரு கட்டம். அதில் "நன்றாகத் தெரியும்", "கொஞ்சம் தெரியும்", "தெரியாது" என்ற மூன்றில் ஒன்று.

எழுதிய ஆண்டைவிட இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். முந்நூறு வருடப் பாட்டாக இருந்தாலும் உங்கள் சபைக்குத் தெரியாவிட்டால் அது புதிய பாட்டு. இருபத்தைந்து வருடத்துக்கு முன் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று எதிர்க்கப்பட்ட கோரஸ் (சிறு துதிப்பாட்டு) இன்றைக்குப் பெற்றோர் பாடும் பழைய பாட்டு. "பழையது, புதியது" என்ற தலைப்பை எடுத்துவிட்டு "தெரிந்தது, தெரியாதது" என்று போட்டவுடன் எங்கள் கூட்டங்களில் பாதிச் சூடு தணிந்தது.

எத்தனை பாட்டு வைத்துக்கொள்வது? கணக்குப் போடுங்கள். வாரம் 5 பாட்டு என்றால் வருடத்துக்கு 260 இடம். பதிவேட்டில் 65 பாட்டு இருந்தால் ஒவ்வொன்றும் வருடத்தில் நாலு தரம் வரும். 130 இருந்தால் இரண்டு தரம்தான் வரும். அதில் ஒரு மெட்டும் மனதில் நிற்காது. நான் 140-ல் தொடங்கி 70-க்கு இறக்கினேன். பண்டிகைப் பாட்டுகள் இந்தக் கணக்கில் சேராது, அவை வருடத்துக்கு ஒரு தரம் வந்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. அச்சிட்ட ஸ்வரம் வேறு, உங்கள் சபை தலைமுறையாகப் பாடும் மெட்டு வேறாக இருக்கும். நான் புத்தகத்தைக் காட்டிக் கீபோர்டு வாசிப்பவரைத் திருத்தினேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்க பாடினதுதான் சரியா இருக்கும். ஆனா அது நம்ம பாட்டு இல்ல" என்றார். சபை பாடுவதைப் பதிவுசெய்து, அதற்கு ஸ்வரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. உரிமையும் அனுமதியும்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

ஒரு பாட்டில் நான்கு உரிமைகள் இருக்கலாம்: சொல், மெட்டு, மொழிபெயர்ப்பு, இசைக்கோர்வை. நான்கும் நான்கு பேரிடம் இருக்கக்கூடும். பழைய பாட்டுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்பது இங்கே முதல் பொறி. மூலப் பாட்டு எழுதியவர் இருநூறு வருடத்துக்கு முன் இறந்திருப்பார். நீங்கள் பாடும் மொழிபெயர்ப்பைச் செய்தவர் உயிரோடு இருப்பார்.

உரிமை முடிந்ததா என்று பார்க்க, எழுதியவர் இறந்த ஆண்டு தெரியவேண்டும். பெரும்பாலான நாடுகளில் அதற்குப் பிறகு 50 முதல் 70 வருடம் வரை உரிமை நீடிக்கும். இந்தியாவில் 60, பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 70. இறந்த நாளிலிருந்து எண்ணாமல், அந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ணவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரின் ஆண்டுதான் கணக்கு.

வழிபாட்டில் பாடுவது வேறு, பிரதி எடுப்பது வேறு. மத வழிபாட்டின் நடுவே பாடுவதற்குப் பல நாட்டுச் சட்டங்கள் விலக்குத் தருகின்றன. இந்தியச் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் அந்த விலக்கு உண்டு. ஆனால் சொற்களைத் தாளில் அச்சிடுவது, திரையில் காட்டுவது, ஆராதனையை நேரலையில் விடுவது, பதிவாகப் போட்டு வைப்பது எல்லாம் வேறு வேறு செயல்கள். அந்த விலக்கு இவற்றுக்கும் சேர்த்து என்று நினைத்துவிடாதீர்கள்.

அனுமதி வாங்க இரண்டு வழி. ஒன்று, சபைகளுக்குப் பாட்டு உரிமம் வழங்கும் சி.சி.எல்.ஐ. போன்ற அமைப்பின் வருடாந்திர உரிமம். கட்டணம் சபையின் அளவைப் பொறுத்தது. நேரலைக்குத் தனி உரிமம் வேண்டும். உரிம எண்ணைத் திரையில் பாட்டின் அடியில், ஆசிரியர் பெயரோடும் உரிமையாளர் பெயரோடும் காட்டவேண்டும். எந்தெந்தப் பாட்டைப் பயன்படுத்தினோம் என்று கணக்கும் கொடுக்கவேண்டும். உங்கள் பதிவேடு அன்றைக்குக் கைகொடுக்கும். வாங்குமுன் நீங்கள் பாடும் பாட்டுகள் அவர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். எங்கள் பாட்டுகளில் பாதி இல்லை.

இரண்டாவது வழி, உரிமையாளருக்கே கடிதம் எழுதுவது. பாட்டின் முதல் வரி, எதற்குப் பயன்படுத்துகிறோம் (அச்சா, திரையா, நேரலையா), எத்தனை பிரதி, எவ்வளவு காலம், விற்பனை உண்டா இல்லையா என்ற ஐந்தும் கடிதத்தில் இருக்கட்டும். பதில் எழுத்தில் வேண்டும். "பாடுங்க பிரதர், தேவனுக்கு மகிமை" என்று போனில் சொன்னது மூன்று வருடம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. குறைந்தது இரண்டு மாதம் முன்னே எழுதுங்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எழுதினால் பதில் பண்டிகைக்குப் பிறகு வரும். பலர் இலவசமாகவே அனுமதி தருவார்கள். கேட்காமல் எடுத்ததுதான் அவர்களுக்கு வருத்தம்.

இணையத்தில் போட்ட காணொளிக்கு உரிமை கோரல் வருவதும் சகஜம். ஒப்புநோக்கி அனுப்புவது இயந்திரம். உங்களிடம் உரிமம் இருப்பது அதற்குத் தெரியாது. அனுமதிக் கடிதங்களை ஒரே கோப்பில் வைத்திருந்தால் அரைமணி நேரத்தில் பதில் போடலாம். நான் அவற்றை மூன்று பேரின் வாட்ஸ்அப்பில் தேடி ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

4. சுருதி, வேகம், சத்தம்

"புதுப் பாட்டு வேண்டாம்" என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஏழு பேர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இது என் அனுபவக் கணக்கு.

சுருதி. ஒலிப்பதிவில் பாடுபவர் உச்சஸ்தாயியில் பழகிய பாடகர். அவருடைய சுருதியிலேயே சபையையும் பாடச் சொன்னால் ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பெண்கள் தொண்டை கிழியப் பாடுவார்கள். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டின் உச்ச ஸ்வரம் (கீபோர்டின் மேற்கத்திய ஸ்வரப் பெயரில்) மேல் டி-யில், அதிகம் போனால் இ-ஃபிளாட்டில் நிற்கவேண்டும். பதிவில் பி-யில் இருக்கும் பாட்டை ஜி-க்கு, அதாவது நாலு அரைச்சுருதி, இறக்கினால் பெரும்பாலும் சபைக்கு எட்டிவிடும். பழைய பாமாலைகளுக்கும் இதே விதிதான். நாலு குரலில் பாடுகிற பயிற்சி பெற்ற குழுவை மனதில் வைத்து எழுதப்பட்ட மெட்டுகளில் மேல்வரி இ, எஃப் வரை ஏறும். காலை ஏழு மணி ஆராதனையில் தூக்கம் கலையாத குரல்களுக்கு இன்னும் அரைச்சுருதி இறக்கிக் கொடுங்கள்.

இறக்கினால் முடியாத பாட்டும் உண்டு. சரணம் அடியில் முனகலாகத் தொடங்கி, கோரஸ் (சரணங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் பகுதி) ஒரு ஸ்தாயி மேலே தாவும் வகை. மேலே சரிசெய்தால் கீழே குரல் காணாமல் போகும். அது தனிக்குரல் பாட்டு. ஒருவர் பாட, சபை கேட்கட்டும், பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வேகம். ஒரு வரியை ஒரே மூச்சில் பாட முடியவில்லை என்றால் அந்தப் பாட்டு மெதுவாகப் போகிறது. பழைய பாட்டு சலிப்பூட்டுகிறது என்ற குறையில் பாதி இதுதான். கிட்டார்க்காரர்களுக்கு நேர்மாறான பழக்கம்: வரி முடிவில் மூச்சுவிட இடமே தராமல் அடுத்த வரிக்கு ஓடுவார்கள். ஒரு தட்டு காத்திருங்கள். வேக எண்ணைப் பதிவேட்டில் எழுதி, மெட்ரோனோம் வைத்துத் தொடங்குங்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் ஆரம்பிப்போம்.

சத்தம். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாவிட்டால் மனிதர்கள் பாடுவதை நிறுத்திவிடுகிறார்கள். கடைசிக் கோரஸில் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். சபை பாடுகிறதா இல்லையா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும். போனில் இலவச ஒலிமானி இறக்கி இருக்கைகளுக்கு நடுவே அளந்து வையுங்கள். செவிப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம்தான். "வயசானவங்களுக்குச் சத்தம் பிடிக்காது" என்று தள்ளிவிடாமல் எண்ணைப் பாருங்கள்.

5. புதிய பாட்டை உள்ளே கொண்டுவரும் அட்டவணை

மாதத்துக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். இப்படிப் போகலாம்:

முதல் வாரம், ஆராதனை தொடங்குமுன் ஐந்து நிமிடம் கோரஸ் மட்டும் சொல்லிக்கொடுங்கள். ஆராதனையில் குழு சரணத்தைப் பாட, சபை கோரஸில் சேரட்டும். இரண்டாம் வாரம் முழுப் பாட்டு. மூன்றாம் வாரம் மறுபடியும். நான்காம் வாரம் விடுங்கள். ஐந்தாம் வாரம் திரும்ப வரும்போது எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக வரும். அன்றைக்கும் சபை பாடவில்லை என்றால் அந்தப் பாட்டைக் கைவிடுங்கள், உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

இன்னொரு குறுக்குவழி உண்டு: தெரிந்த மெட்டில் புதுச் சொற்கள். பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் பாட்டின் தலையில் 8.6.8.6 என்ற மாதிரி எண் இருக்கும். ஒவ்வொரு வரியின் அசைக் கணக்கு அது. எண் ஒத்துப்போனால் ஒன்றின் சொல்லை இன்னொன்றின் மெட்டில் பாடலாம். அழுத்தம் விழும் இடமும் ஒத்துவருகிறதா என்று வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். எண் ஒத்தும் சொல் உடைவது உண்டு.

தெரிந்தெடுக்கும் முன் மெட்டில்லாமல் சொற்களை மட்டும் உரக்க வாசியுங்கள். பவுல் "கருத்தோடும் பாடுவேன்" என்று எழுதியது பழைய பாட்டுக்கும் பொருந்தும். அர்த்தமே புரியாத வரி பழைய பாட்டில் இருந்தால் பாடுமுன் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள்.

6. பழைய பாட்டில் கைவைக்கும்போது

தாளத்தை மாற்றலாம், வாத்தியம் சேர்க்கலாம், சுருதி இறக்கலாம். மெட்டை மட்டும் தொடாதீர்கள். நான் ஒரு பழைய பாட்டுக்கு நடுவில் புதிதாக ஒரு கோரஸ் செருகினேன். இளையவர்கள் ரசித்தார்கள், மூத்தவர்கள் அந்த இடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். மனப்பாடமாகப் பாடுகிறவருக்கு அது நடந்துகொண்டிருக்கும்போது காலடியில் படி காணாமல் போவது மாதிரி. மனப்பாடமான சொற்களை இன்றைய நடைக்குத் திருத்துவதும் அப்படியே. திருத்தியே ஆகவேண்டும் என்றால் சபைக்குத் தெரியாத சரணங்களில் திருத்துங்கள்.

நாலு சரணத்தில் மூன்றாவதை வெட்டும் பழக்கமும் ஆபத்து. பல பாட்டுகள் கதைபோல் போகும். சிலுவையைச் சொல்லும் சரணத்தை வெட்டிவிட்டு உயிர்த்தெழுதலுக்குத் தாவினால் பாட்டு முறிந்துவிடும்.

வழிபாட்டு ஒழுங்கு கறாராக இருக்கும் திருச்சபையில் முதலில் குருவானவரிடம் கேளுங்கள். உதாரணமாக, கத்தோலிக்கத் திருப்பலியில் வானவர் கீதத்தின் ("உன்னதங்களிலே" என்று தொடங்கும் துதிப்பாட்டின்) சொற்களை வேறு பாட்டால் மாற்ற விதி இடம் தருவதில்லை. புதிய மெட்டு போடலாம்.

7. ஒரு ஞாயிறின் வரிசை

தொடக்கப் பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். புதிய பாட்டு இரண்டாவதோ மூன்றாவதோ வரலாம். அதை அடுத்து மறுபடியும் தெரிந்த பாட்டு. திருவிருந்தில் புதுப் பாட்டு வேண்டாம், அந்த நேரத்தில் யாரும் திரையைப் பார்க்க விரும்புவதில்லை.

பழையதையும் புதியதையும் தனித்தனி மூட்டையாக வைக்காமல் சேர்த்துக் கட்டுங்கள். ஒரே சுருதியில் இருக்கும் ஒரு பாமாலையும் ஒரு கோரஸும் நடுவே நிறுத்தாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகலாம். சுருதி வேறானால் ஜி-யிலிருந்து சி-க்குப் போவது எளிது, ஜி-யிலிருந்து ஏ-ஃபிளாட்டுக்குப் போக நன்றாகப் பழகிய கை வேண்டும். தாளமும் பாருங்கள்: மூன்று தட்டுப் பாட்டு 6/8 பாட்டுக்குப் பக்கத்தில் நன்றாக உட்காரும். பொருளும் ஒன்றாக இருந்தால் எது பழையது, எது புதியது என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

திரையில் ஒரு தடவைக்கு நாலு வரி போதும், வாக்கியம் முறியும் இடத்தில் பக்கம் மாற்றாதீர்கள், எழுத்துப்பிழையை இன்னொருவர் பார்க்கட்டும்.

8. வாரக் கால அட்டவணையும் செலவும்

திங்களன்று ஆயரிடமிருந்து வேதபாடமும் தலைப்பும் வாங்குங்கள். செவ்வாய் இரவுக்குள் பட்டியல். புதன் காலைக்குள் சுருதி எழுதிய தாளும் கேட்கப் பதிவும் குழுவுக்குப் போகவேண்டும். வெள்ளி அல்லது சனி ஒன்றரை மணி நேரப் பயிற்சி. அதில் பாதி நேரம் பழைய பாட்டுக்கு. "அது தெரிஞ்சதுதானே" என்று விட்ட பாட்டுதான் ஞாயிறன்று சொதப்பும். பட்டியலைச் சனி இரவு மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை என்று ஆயர் வாயாலேயே சொல்லவைத்துவிடுங்கள்.

செலவு வரிசையில் முதல் பணம் உரிமத்துக்கு. இரண்டாவது, திரை தெரியாதவர்களுக்குப் பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் பத்துப் பிரதி. மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் கருவிகளைச் சரியாக இயக்க ஒருவருக்குப் பயிற்சி. புது ட்ரம்ஸ் அதற்குப் பிறகு. பெரும்பாலான சபைகள் தலைகீழாகத் தொடங்குகின்றன; நாங்களும்தான்.

9. முறைப்பாடு வரும்போது

வாசலில் நின்று பதில் சொல்லாதீர்கள். "எந்தப் பாட்டு, எந்த இடம்?" என்று மட்டும் கேட்டுப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரே பாட்டுக்கு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் சுருதியையும் சத்தத்தையும் சோதித்துப் பாருங்கள். ஒருவரே எல்லாப் பாட்டுக்கும் சொன்னால் பாட்டு காரணமல்ல. அவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய வேறொன்று இருக்கிறது. அதை ஆயரிடம் விடுங்கள்.

குறை சொன்னவரைப் பயிற்சிக்கு அழைத்துப் பாருங்கள். என்னிடம் அதிகம் கோபப்பட்ட பெரியவர் இப்போது மாதம் ஒரு தரம் வந்து, நாங்கள் மறந்துபோன மெட்டு ஒன்றைப் பாடிக்காட்டுகிறார். இளையவர்கள் போனில் பதிவுசெய்துகொள்கிறார்கள். சென்ற மாதம் அதில் ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றினோம். "தெரியாது" என்ற கட்டத்தில்தான் எழுத வேண்டியிருந்தது; மூன்றாம் வாரம் அழித்துவிட்டு "கொஞ்சம் தெரியும்" என்று மாற்றினேன்.